ஐயா கொடுத்த தமிழ்

நன்றிக்கடன் என்று தமிழில் ஓர் அருமையான சொல் வழங்குகிறது. நன்றி என்பது வெறும் உணர்ச்சி அன்று, அது தீர்க்கப்பட வேண்டிய கடன் என்று நம் முன்னோர் கருதியிருக்கின்றனர். பெற்றோர்க்குப் பட்ட கடனை அவர்தம் முதுமையில் ஓரளவேனும் தீர்க்கலாம். பொருள் கொடுத்து உதவியவர்க்கு முதலும் வட்டியுமாகத் திருப்பித் தரலாம். ஆனால் அறிவைக் கொடுத்தவர்க்கு எதைக் கொடுத்துக் கடன் தீர்ப்பது? அவர் கொடுத்தது நம் நாவிலும் நினைவிலும் கலந்துவிட்டது. அதைப் பிரித்தெடுத்துத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அவரே மறைந்துவிட்டால் வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை.

கடந்த தை மாதத்தில் கூட்டேரிப்பட்டில் அத்தகைய ஒருவர் காலமானார். எண்பது வயதைத் தாண்டிய தமிழாசிரியர். நெற்றி நிறையத் திருநீறு பூசிய சைவர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எனக்கு ஆசானாகவும், பின்னர் நண்பராகவும் விளங்கியவர். தம் பெயர் அச்சில் வருவதை அவர் ஒருபோதும் விரும்பியதில்லை. ஆகவே ஊரார் அழைத்ததுபோல் 'ஐயா' என்றே இங்கும் குறிப்பிடுகிறேன்.

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே கூட்டேரிப்பட்டு இருக்கிறது. விரைந்து செல்லும் பேருந்துப் பயணிகளுக்கு அது ஒரு கூட்டுச்சாலை. மயிலம் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம். அங்கிருந்து மயிலம் மிக அருகில். குன்றின்மேல் கோயில், அக்கோயிலைப் பராமரிக்கும் பொம்மபுர ஆதீனம், ஆதீனத்தின் ஆதரவில் வளர்ந்த தமிழ்க் கல்லூரி. ஐயா அக்கல்லூரியில் பயின்று புலவர் பட்டம் பெற்றவர். அரசுப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற பின், சொந்த ஊரிலேயே ஓட்டு வீட்டுத் திண்ணையில் இரண்டாம் முறையாக ஆசிரியப் பணியைத் தொடங்கினார். இம்முறை ஊதியம் இல்லை. ஓய்வு பெறும் வயதும் இல்லை.

திண்ணைப் பாடம்

1998ஆம் ஆண்டில் அந்தப் பக்கத்துப் பங்கு ஒன்றுக்குத் துணைப் பங்குத்தந்தையாக அனுப்பப்பட்டேன். பெங்களூர்க் குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் ஆங்கிலத்திலேயே பயின்றவன் நான். குருமட நூலகத்தில் வீரமாமுனிவரின் தேம்பாவணியைப் பலமுறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 1726ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற அப்பெருங்காப்பியம், மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. அதைப் பொருள் உணர்ந்து படிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது, சொல்லிக்கொடுப்பார் இல்லை. பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "கூட்டேரிப்பட்டில் ஐயா இருக்கிறாரே, போய்ப் பாருங்கள்" என்றார்.

போனேன். மயிலத்தில் படித்த சைவப் புலவரிடம் கிறிஸ்தவக் காப்பியத்துக்குப் பாடம் கேட்பது முறையாகுமோ என்ற தயக்கத்துடன்தான் போனேன். அவர் என்னைத் திண்ணையில் பாய் விரித்து உட்காரச் செய்தார். வந்த காரியத்தைக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி: "சாமிக்கு எந்தக் கிழமை வசதிப்படும்?"

திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. முதல் ஆறு மாதங்கள் தேம்பாவணியைத் திறக்கவே இல்லை. நன்னூலைக் கையில் கொடுத்தார். பவணந்தி முனிவர் நல்லாசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிடும் பகுதியை அவர் விளக்கிய நாள் இன்னும் நினைவில் நிற்கிறது. நிலம் தன்னை வெட்டுகிறவனுக்கும் விளைச்சல் தருகிறது, துலாக்கோல் யாருக்கும் சாய்வதில்லை என்று சொல்லிவிட்டு, "பவணந்தியார் சமண முனிவர், சாமி. நானோ சைவன். நீங்கள் கிறிஸ்தவர். இந்தத் திண்ணையில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறோம்" என்று சிரித்தார்.

பின்னர் தேம்பாவணி தொடங்கிற்று. நாட்டுப் படலத்தில் வீரமாமுனிவர் யூதேயா நாட்டை வருணிக்கும்போது, அங்கே தமிழகத்து மருத நிலத்தின் வளமெல்லாம் பொங்கி வழிகிறது. இத்தாலியில் 1680இல் பிறந்து, முப்பது வயதில் தமிழகம் வந்த ஒருவர், சூசையப்பரின் நாட்டில் நம் வயல்களை நட்டுவிட்டார் என்று ஐயா வியந்து வியந்து சொல்வார். கம்பர் தந்தது எது, திருத்தக்கதேவர் தந்தது எது, முனிவரே புதிதாகப் படைத்தது எது என்று ஒவ்வொரு பாட்டிலும் பிரித்துக் காட்டுவார். வீரமாமுனிவருக்குத் தமிழ் கற்பித்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்று கூறும் மரபை நினைவூட்டி, "உங்கள் முனிவருக்கும் ஒரு கவிராயர் வேண்டியிருந்தது. உங்களுக்கு நான் இருக்கக்கூடாதா?" என்பார்.

ஒருமுறை நானே துணிந்து ஒன்றைக் கேட்டேன். நன்னெறி பாடிய துறைமங்கலம் சிவப்பிரகாசர் பொம்மபுர மடத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். அவர் கிறிஸ்தவ சமயத்தை மறுத்து 'ஏசுமத நிராகரணம்' என்ற நூலை இயற்றினார் என்பது தமிழுலகில் வழங்கிவரும் செய்தி. அந்நூல் இன்று கிடைக்கவில்லை. "அந்த மரபில் படித்த தாங்கள் எனக்குத் தேம்பாவணி சொல்வது எப்படி?" என்றேன். ஐயா சற்றும் தயங்கவில்லை. "மறுத்து எழுதுவதற்கும் முதலில் கவனமாகப் படித்தாக வேண்டும் அல்லவா? அவர் உங்களைப் படித்தார், நானும் படிக்கிறேன். மறுப்பதற்கு மட்டும் எனக்கு நேரம் கிடைக்கவில்லை" என்றார். உள்ளே மோர் கலக்கிக்கொண்டிருந்த அம்மையார் சிரித்த சத்தம் வெளியே கேட்டது.

கொடுத்த கை

ஐயாவின் கொடை எனக்கு மட்டும் உரியதன்று. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் மாலையில் அத்திண்ணையில் நிறைந்திருப்பார்கள். நம் பங்குப் பிள்ளைகளிற் பலர் காலனியைச் சேர்ந்தவர்கள். ஊர்த் தெருவில் உள்ள ஒரு வீட்டுத் திண்ணையில், எல்லாருடனும் ஒரே பாயில், அவர்கள் உட்கார்ந்து படித்தார்கள். ஒரே செம்பில் தண்ணீர் குடித்தார்கள். இதைக் குறித்து முணுமுணுத்தவர்களும் உண்டு. சில வீட்டார் தம் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டனர். ஐயா யாரோடும் வாதிடவில்லை, பாயையும் மாற்றவில்லை. ஓராண்டுக்குள் நின்றுபோன பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தனர். தேர்வு நெருங்கியபோது, நல்ல ஆசிரியரை விட்டுவிட யாருக்கும் மனம் வரவில்லை.

தேர்வுக் கட்டணம் செலுத்த முடியாதவர்களுக்கு அவர் ஓய்வூதியத்திலிருந்து பணம் கொடுப்பார். ஒரு கிறிஸ்துமஸ் நாளில் நான் அவருக்கு ஒரு வேட்டியும் துண்டும் கொண்டு போய்க் கொடுத்தேன். மகிழ்ச்சியுடன் வாங்கிக்கொண்டார். பொங்கலன்று அவ்வேட்டியைக் கல்லூரியில் சேரவிருந்த ஒரு மாணவன் உடுத்தியிருக்கக் கண்டேன். புத்தகங்களையும் அப்படித்தான் கொடுத்தார். திருப்பிக் கேட்க மாட்டார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: "படித்து முடித்ததும் இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடு."

இந்த வழக்கம் தமக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொல்லும்போது ஐயா கைகூப்புவார். 1815இல் பிறந்த மகாவித்துவான், கல்வியை எளிதில் பெற்றவர் அல்லர். தண்டியலங்காரம் கற்பதற்காக, வீடுதோறும் இரந்துண்ட ஒரு பரதேசியின் பின்னால் திரிந்து, அவருக்கு வேண்டிய பணிவிடைகளைச் செய்து அதைக் கற்றுக்கொண்டார். இவ்வாறு அரிதிற் பெற்றதைப் பூட்டி வைக்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் வாரி வழங்கினார். மாணவர்களுக்குப் பாடமும் சொல்லி, உணவும் இட்டார். கைக்கு வந்த பொருள் மாணவர்களுக்கே செலவாயிற்று. அவரோ அடிக்கடி கடன் வாங்க நேர்ந்தது. பெங்களூரில் தேவராச பிள்ளை என்னும் மாணவரின் ஆதரவில் தங்கியிருந்தபோது அவர் பாடிய குசேலோபாக்கியானம், அம்மாணவருடைய பெயராலேயே வெளிவந்தது. பொருளைக் கொடுத்தவர் பலர் உண்டு. தாம் பாடிய காப்பியத்தின் புகழையும் கொடுத்தவர் எத்தனை பேர்?

அவருடைய திண்ணையிலும் சமய வேலி இல்லை. தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட கத்தோலிக்கர், மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, அவருடைய உற்ற நண்பர். அந்த நண்பர்மீது மகாவித்துவான் 'குளத்தூர்க் கோவை' பாடினார். நம் புதுவையைச் சேர்ந்த கிறிஸ்தவப் புலவர் சவராயலு நாயகர் அவருடைய மாணவர். நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவருடைய மாணவர். சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ இளைஞர் மகாவித்துவானுடனேயே இருந்து, பாடம் கேட்டும் பணிவிடை செய்தும் வந்தார். 1871இல் பதினாறு வயதில் வந்து சேர்ந்த உ. வே. சாமிநாதையர் இவர்களோடு ஒன்றாகப் பயின்றார்.

ஒரு பெரியவரின் கேள்வி

ஐயாவின் உடல் நலம் குன்றியதைக் கேள்விப்பட்டு மார்கழியில் பார்க்கச் சென்றேன். அப்போது நான் வேறு பங்கில் இருந்தேன். கட்டிலில் படுத்திருந்தார், கண்பார்வை மங்கியிருந்தது. "திருவாசகம் எனக்கு மனப்பாடம், நானே சொல்லிக்கொள்வேன். நீங்கள் தேம்பாவணி படியுங்கள், சாமி" என்றார். வளனாகிய சூசையப்பரின் மரணத்தைப் பாடும் பகுதியைப் படித்தேன். இயேசுவும் அன்னை மரியாளும் அருகிருக்க உயிர் நீத்தவர் சூசையப்பர்; ஆதலால் அவரை நன்மரணத்தின் பாதுகாவலராக நாம் வணங்குகிறோம் என்று ஐயாவிடம் சொன்னேன். "தெரியும். அதனால்தான் அந்தப் பகுதியைக் கேட்டேன்" என்று மெல்லக் கூறினார். நடுவில் ஒரு சொல்லை நான் பிரித்துப் படித்த விதம் பிடிக்கவில்லை போலும். கண்ணை மூடியபடியே திருத்தினார். அதுவே அவர் எனக்குச் சொன்ன கடைசிப் பாடம்.

அவர் மறைந்த செய்தி எட்டியதும் சென்றேன். சனிக்கிழமைச் சந்தைக்கு வந்தவர்கள்கூடப் பையும் கூடையுமாக அந்த வீட்டு வாசலில் நின்றிருந்தனர். லாரி ஓட்டுநர் ஒருவர், தாலுகா அலுவலக எழுத்தர் ஒருவர், சீருடையோடு வந்திருந்த செவிலி ஒருவர். ஒவ்வொருவரும் ஐயா தமக்குக் கட்டிய தேர்வுக் கட்டணத்தைச் சொல்லி அழுதனர். வீட்டாருக்கே அதுவரை தெரியாத கணக்கு அது.

அடுத்த ஞாயிறு திருப்பலியில் அவர் பெயரைச் சொல்லி மன்றாடினேன். பூசை முடிந்ததும் பங்கின் பெரியவர் ஒருவர் பீடத்தறைக்கு வந்தார். "சாமி, அவர் நல்லவர் என்று நீங்கள் சொன்னால் சரிதான். ஆனால் நம்முடைய சபையைச் சேராதவர் ஆயிற்றே. அவருக்காகப் பூசையில் வேண்டலாமா?" என்று கேட்டார். அக்கேள்வியில் பகை இல்லை. தம் விசுவாசத்தைக் கருத்தாய்க் காத்து வந்த ஒருவரின் நேர்மையான ஐயம் அது. வேறு பலர் உள்ளத்திலும் அது இருக்கக்கூடும் என்பதால், அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

திருச்சபை இதை முன்னரே செய்துகொண்டிருக்கிறது. நான்காம் நற்கருணை மன்றாட்டில், கிறிஸ்துவின் சமாதானத்தில் இறந்தவர்களோடு, எவருடைய விசுவாசத்தை இறைவன் ஒருவரே அறிவாரோ அவர்களையும் குரு நினைவுகூர்கிறார். பிற சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட ஏட்டில் அறிவித்தது. ஐயாவின் உள்ளத்தை அளக்கும் கோல் என்னிடம் இல்லை. அந்தப் பெரியவரிடமும் இல்லை. அளக்கிறவர் கையில் அவரை ஒப்படைப்பதே மன்றாட்டு. நம்மவர், பிறர் என்று வேலி கட்டியபின் செய்வதற்கு மன்றாட்டு என்ன ஆலோசனைக் கூட்டமா?

இதைக் கேட்டும் பெரியவர் முகம் தெளியவில்லை. ஆகவே மகாவித்துவானின் கடைசி நாளைச் சொன்னேன். 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், திருவாவடுதுறையில் அவர் உயிர் பிரியும் வேளை. எழுந்து உட்கார வலுவில்லை. சவேரிநாத பிள்ளை தம் மார்பில் அவரைச் சாய்த்துத் தாங்கிக்கொண்டார். சாமிநாதையர் திருவாசகத்தைப் பிரித்து அடைக்கலப் பத்தைப் படித்தார். சைவப் பெரும்புலவர் ஒருவர் கிறிஸ்தவ மாணவரின் மார்பில் தலை சாய்த்து, பிராமண மாணவர் படித்த பாசுரங்களைக் கேட்டபடியே கண் மூடினார். ஒரு சைவ ஆதீனத்தின் நிழலில் இது நடந்தது. சவேரிநாத பிள்ளை அங்கே செய்தது அன்பின் பணி. அன்று அவர் மார்பால் தாங்கினார். நான் மன்றாட்டால் தாங்குகிறேன், வேறொன்றும் இல்லை.

பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "என் பேத்தியும் அவரிடம்தான் படித்தாள், சாமி" என்று சொல்லிவிட்டு, ஐயாவின் பெயரைச் சரியாக எப்படி எழுதுவது என்று கேட்டார். மறுநாள் பூசைக் கருத்து ஏட்டில் அவர் கையெழுத்தில் அப்பெயர் இருந்தது.

கடன் தீரும் வழி

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருகிறேன். கொடுத்தவர் மறைந்தபின் கடனை எவ்வாறு தீர்ப்பது?

மகாவித்துவானின் மாணவர்கள் அதற்கு விடை காட்டியிருக்கின்றனர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார் அவருடைய மாணவர்களுள் மூத்தவர். 1880இல் தாம் ஓய்வு பெற்றபோது, அவ்விடத்துக்குத் தம்மினும் இளையவரான சாமிநாதையரைப் பரிந்துரைத்து அமர்த்தினார். ஆசானிடம் பெற்றதை ஆசானின் மற்றொரு மாணவனுக்கு அவர் கொடுத்தார். சாமிநாதையரோ, சைவராயிருந்தும், சமண காப்பியமாகிய சீவகசிந்தாமணியை 1887இலும், பௌத்த காப்பியமாகிய மணிமேகலையை 1898இலும் அச்சேற்றித் தமிழர்க்கு வழங்கினார். ஏறத்தாழ ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, முதுமையில், 1933இலும் 1934இலும் இரண்டு பாகங்களாக மகாவித்துவானின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். சவேரிநாத பிள்ளை தம் ஆசானுக்குச் செய்த தொண்டும் அவர் எழுத்தால்தான் நமக்குத் தெரிகிறது. ஆசானுக்குப் பட்ட கடன் பின்னோக்கித் தீர்வதில்லை, முன்னோக்கியே தீர்கிறது. இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே கொடுக்குமாறு ஆண்டவர் தம் சீடர்களுக்கு இட்ட கட்டளையும் இதுதானே!

அன்பார்ந்த குடும்பத்தாரே, நம் வீடுகளில் இன்று பிள்ளைகளின் படிப்புக்குப் பெரும் பொருள் செலவாகிறது. செலவழிப்பதில் தவறில்லை. ஆனால் பணம் கட்டிவிட்டோம், கணக்குத் தீர்ந்தது என்ற எண்ணம் நம் பிள்ளைகளின் நெஞ்சில் வேர்விட நாம் இடங்கொடுக்கலாகாது. கட்டணம் ஆசிரியரின் நேரத்துக்கு உரியது. அவருடைய அன்புக்கு விலை இல்லை. உங்களுக்கு எழுத்துக் கற்பித்த ஆசிரியர் இன்னும் உயிரோடிருந்தால், இந்த மாதத்துக்குள் ஒரு முறை நேரில் சென்று பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் மறைந்திருந்தால், எச்சமயத்தவராயினும், நவம்பர் மாதத்தில் நீங்கள் எழுதித் தரும் இறந்தோர் பட்டியலில் அவர் பெயரையும் சேருங்கள். நீங்கள் கற்ற ஒன்றை, அது கணக்காயினும் தையலாயினும் மரவேலையாயினும், தெருவிலுள்ள ஓர் ஏழைப் பிள்ளைக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுங்கள்.

எங்கள் பங்குக் கோவில் முன்மண்டபத்தில் இப்போது சனிக்கிழமை மாலைகளில் தமிழ் வகுப்பு நடைபெறுகிறது. பெரியவரின் பேத்திதான் ஆசிரியை. ஐயா அவளுக்குக் கொடுத்த பழைய நன்னூல் பிரதியைக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறாள். கட்டணம் இல்லை. கிறிஸ்தவப் பிள்ளைகளும் இந்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். உட்காருவதற்கு நீளமான பாய் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறோம். எல்லாருக்கும் அது ஒன்றே.

கொடுத்துக்கொண்டே வாழ்ந்த அந்த நல்ல ஆன்மாவுக்கு ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக.